இளைத்த பிறகும் எழுதியவர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் அவரை எல்லாரும் 'குண்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது 'கிராம்' என்கிறார்கள். ஆள் ஒருவர்தான். நடுவில் முப்பது கிலோ காணாமல் போனது, அவ்வளவே.

குண்டு கிராம் ஆனது ஒரு மணிச்சத்தத்தால். பதினொரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவு மூடமாட்டேன் என்று அடம்பிடிப்பதாகப் புகார் வந்தது. அவரும், அவருடைய ஜோடி மெக்கானிக்கான ஒல்லியும் போனார்கள். கதவு ஓடும் தடத்தில் ஒரு பேனா மூடி சிக்கியிருந்தது. அதை நெம்பி எடுத்துப் போட்டு, நாலு தடவை ஓட்டிப் பார்த்து, 'சரியாகிவிட்டது, ஏறலாம்' என்று அறிவித்தார்கள். காலை நேரம், வேலைக்கு வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். ஏழு பேர் உள்ளே போய் நின்றார்கள். மேலே மிஷின் ரூமில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் எட்டாவதாக இவர், தோளில் சாமான் பையோடு, ஒரு காலை உள்ளே வைத்தார். மற்ற காலையும் வைத்தார். மணி அடித்தது.

"இப்பத்தானே ரிப்பேர் பண்ணீங்க? அதுக்குள்ள கெட்டுப்போச்சா?" என்றாள் உள்ளே நின்ற ஒருத்தி.

"ஆமா மேடம், இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்று குற்றமே செய்யாத இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் வெளியே இறங்கினார். இறங்கிய நொடியில் மணி நின்றது. கதவு அழகாக மூடியது. மூடுவதற்குள் ஏழு முகத்திலும் விஷயம் புரிந்துவிட்டது.

'எட்டுப் பேர்' என்று பலகையில் எழுதியவன், ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்று வைத்துத்தான் எழுதியிருக்கிறான். இதைப் பத்தொன்பது வருடமாக வாடிக்கையாளர்களுக்கு விளக்கிச் சொன்னவர் அவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் நூற்று நாலு. பை பன்னிரண்டு. பதினொரு மாடியையும் படியேறிப் போனார். நாலாவது மாடியில் ஒரு தடவை உட்கார்ந்தார், ஏழாவதில் ஒரு தடவை உட்கார்ந்தார், ஒன்பதாவதில் உட்கார்ந்தபோது ஒல்லி மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, நாளைக்கு வந்துடுவீங்களா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலமே மகள் அவருடைய போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். என்ன சாப்பிட்டாலும் அதில் எழுத வேண்டும். எத்தனை கலோரி என்று அது கூட்டிச் சொல்லும். மறுநாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் தராசு வாங்கி வந்தார். அதற்குப் பிறகு வந்த பதினான்கு மாதத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டதைத் தொடாமல், தானே காயை வேகவைத்து, முட்டையை அவித்து, எடை போட்டு, எழுதி, சாப்பிட்டார். ஒல்லி எதிரே உட்கார்ந்து மூன்றாவது பன்னை டீயில் முக்கியெடுக்கும்போது இவர் வெள்ளரிக்காயைக் கடித்தார். நூற்று நாலு தொண்ணூறாகி, எண்பத்திரண்டாகி, எழுபத்தி நாலில் வந்து நின்றது. முட்டிவலி போயிற்று. லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்க முன்பு ஏணியோடு ஒரு ஆள் வேண்டும். இப்போது அவரே குதித்து இறங்கினார்.

ஊர் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை. குண்டாக இருந்தபோது 'கொஞ்சம் குறைங்களேன்' என்று அறிவுரை சொன்ன அதே பக்கத்து வீட்டுக்காரர், இப்போது இவருடைய மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "சாருக்கு சுகரா? இல்ல வேற ஏதாவதா? மறைக்காம சொல்லும்மா" என்று அக்கறையாக விசாரித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. எழுபத்தி நாலைத் தொட்ட அன்று போன் திரையில் பலூன்கள் பறந்தன. பலூன் அடங்கியதும், 'அடுத்து என்ன?' என்று ஆப் கேட்டது. இன்னும் குறைக்கலாம், அல்லது இதே எடையில் நிற்கலாம். போதும், போய்ப் பிழைப்பைப் பார் என்று ஒரு பொத்தான் அதில் இல்லை. அவர் 'நிற்கலாம்' என்பதை அழுத்தினார். அழுத்தியவர் நின்றே விட்டார், தராசின் முன்னால்.

குறைக்கும்போது தனியாகச் சமைத்துக்கொண்டவர், இப்போது குடும்பச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். திரும்பினார் என்றா சொன்னேன்? படையெடுத்தார். மனைவி ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். காலையில் ஏழரைக்குள் மூன்று டப்பாவும் கட்டி முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, "எண்ணெய் எத்தனை?" என்பார்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னு ஆப்ல இல்ல."

மறுநாள் மருந்துக் கடையிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வந்தது. பதினைந்து மில்லி உறிஞ்சி வாணலியில் விட வேண்டும், அதற்கு மேல் கூடாது. பச்சைக்குழந்தைக்கு மருந்து ஊட்டுவது போல அவர் தானே ஒரு நாள் வாணலிக்கு எண்ணெய் ஊட்டிக் காட்டினார். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது பற்றி அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வாழைப்பழத்தைத் தோலோடு எடை போடுவார். சாப்பிட்டுவிட்டுத் தோலை எடை போடுவார். கழித்து எழுதுவார். சோற்றை எடை போடும்போது யாராவது பேசினால் கையைத் தூக்கி நிறுத்துவார், ஏதோ பேச்சு சோற்றில் விழுந்து கலோரி கூடிவிடும் போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தராசின் பேட்டரி தீர்ந்துவிட்டது. முன்னால் தட்டு, தட்டில் ரொட்டி, ரொட்டிக்கு எதிரே பசியோடு மனிதர். கடை திறக்கும் வரை சாப்பிடவில்லை. "நேத்து சாப்பிட்ட அதே ரொட்டிதானேப்பா? அதே எடைதானே இருக்கும்?" என்று மகள் கேட்டாள். "அப்படி நினைச்சுத்தான் நூத்தி நாலு கிலோ ஆனேன்" என்றார். 

இதில் பெரிய கூத்து ஒன்று உண்டு. பொட்டலத்தில் வரும் சாப்பாட்டின் முதுகில் எண்கள் அச்சாகி இருக்கும். போனைக் காட்டினால் ஆப் தானே படித்துக்கொள்ளும். மனைவி சமைத்ததன் முதுகில் ஒன்றும் அச்சாகி இருக்காது. ஆகவே மெல்ல மெல்ல அவருக்குப் பொட்டலத்தின் மேல் நம்பிக்கையும் மனைவியின் மேல் சந்தேகமும் வளர்ந்தன. இருபது வருடம் ருசித்துச் சாப்பிட்ட பருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, மரத்தூளை வெல்லப்பாகில் அமுக்கியது போன்ற ஒரு பட்டையை உறை பிரித்துத் தின்றார். "இதுல நூத்தி தொண்ணூறு, துல்லியமா நூத்தி தொண்ணூறு" என்று சொல்லிக்கொண்டே தின்றார். துல்லியம் என்பதற்கு ஒரு ருசி உண்டு என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

வெளியில் அவர் பிரசங்கி ஆகியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்குக் கிடைக்கும் வசதி வேறு எந்தப் பிரசங்கிக்கும் கிடைக்காது. கேட்கிறவர்கள் எழுந்து போக முடியாது. சோதனை ஓட்டத்தில் கூடவே ஏறிக்கொண்டவர்களிடம், "சார், காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று தொடங்குவார். ஆறாவது மாடிக்குள் அவர்களுடைய காலைச் சாப்பாடு கலோரியாகிவிடும். பத்தாவது மாடிக்குள் அவர்களுடைய எதிர்காலம் இருளடைந்துவிடும். ஒல்லிதான் அவருக்கு 'கிராம்' என்று பெயர் வைத்தான். வைத்த அன்று கோபப்பட்டவர், ஒரு வாரத்தில் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டார்.

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு நாள் உடல் பரிசோதனை முகாம் நடக்கும். அந்த வருடம் டாக்டரோடு ஒரு டயட்டீஷியன் பெண்ணும் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், குரல் உயராமல் பேசுகிறவள். மற்றவர்கள் எல்லாரும் அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் பாராட்டு வாங்குவதற்காகவே நேராகப் போய் உட்கார்ந்து போனை நீட்டினார்.

"எத்தனை நாளா எழுதறீங்க சார்?"

"ஆயிரத்து நூத்தி அம்பது நாளாச்சு மேடம். ஒரு நாள் விட்டதில்ல. மாமனார் இறந்த அன்னிக்கும் எழுதினேன்."

அவள் அதற்கு அனுதாபம் சொல்வதா பாராட்டுவதா என்று தெரியாமல் ஒரு கணம் தயங்கினாள். "எடை?"

"எழுபத்தி நாலு. ரெண்டு வருஷமா அசையல."

"ரொம்ப நல்ல விஷயம். குறைக்கிறதை விட அதே இடத்துல நிக்கிறதுதான் கஷ்டம். சரி, எழுதறத எப்ப நிறுத்தறதா உத்தேசம்?"

"நிறுத்தறதா?" அவர் குரல் உயர்ந்தது. "லிஃப்ட் மாட்டியாச்சுன்னு சர்வீஸ நிறுத்திடுவாங்களா மேடம்?"

"சர்வீஸ் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"மாசத்துக்கு ஒண்ணு."

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுதறீங்க?"

"ஆறு. சில நாள் எட்டு."

"தினம் எட்டு தடவை கழட்டிப் பாக்கற லிஃப்ட்ல யாராவது ஏறுவாங்களா சார்?"

பின்னால் வரிசையில் நின்ற ஒல்லி சத்தமாகச் சிரித்தான். கிராமுக்குக் காது சிவந்தது.

அவள் கேலிக்காகக் கேட்கவில்லை. சிலருக்கு எழுதினால்தான் எடை நிற்கும், அவர்கள் எழுதட்டும், அதில் தப்பே இல்லை என்றாள். சிலருக்குப் பழகிய பழக்கமே போதும் என்றாள். "நீங்க எந்த ரகம்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும். ஒரு மாசம் எழுதாம இருங்க. வாரத்துல ஒரு நாள் மட்டும் எடை பாருங்க. ரெண்டு கிலோ கூடிச்சுன்னா மறுபடி எழுத ஆரம்பிங்க. ஆப் எங்கயும் ஓடிடாது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பாவம், சின்னப் பொண்ணு. அனுபவம் போதாது" என்றார். மனைவி, "அது சரி" என்றாள். அவளுடைய 'அது சரி'க்கு எட்டு அர்த்தம் உண்டு. அவர் முதல் அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். வாகன ஓட்டுநர் பள்ளியில் பயிற்சி கொடுக்கிறவன். நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்தே இருப்பதால் வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். அவனைப் பார்த்தாலே கிராமுக்குப் பிரசங்கம் ஊறும். கோழிக்கறியை அவன் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டபோது அவர் போனைத் திறந்தார்.

"மாப்ள, இங்க பாரு. ரெண்டு வருஷம். என் வாய்க்குள்ள போன ஒவ்வொரு கிராமும் இதுல இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் தப்பிச்சதில்ல. இந்த மாதிரி ஒரு ரெக்கார்டு எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடையாது."

"அதெல்லாம் உங்களால முடியும் மாமா" என்றான் தம்பி, எலும்பைக் கடித்தபடி.

"என்னால முடியும்கிறது இல்ல. நேர்மை இருந்தா யாராலயும் முடியும். சாப்பாட்டு விஷயத்துல ஜனங்க தனக்குத்தானே பொய் சொல்லிக்கிறாங்க. உங்க அக்காவையே எடுத்துக்க. 'கொஞ்சம்'னா எவ்வளவுன்னு அவளுக்கே தெரியாது. நான் மட்டும் சிரிஞ்ச் வாங்கிக் குடுக்கலேன்னா..."

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி கரண்டியை வைத்தாள். ஓங்கிக்கூட வைக்கவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா? அந்த சிரிஞ்ச் வந்த மறுநாள்ல இருந்து, நீங்க நிக்கிறப்ப ஒரு தடவை, நீங்க குளிக்கப் போனதும் பாட்டிலோட ரெண்டு தடவை. அப்படித்தான் எண்ணெய் ஊத்தறேன். இல்லேன்னா காய் வதங்காது."

அவர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. அக்காவை அவனுக்குத் தெரியும்.

"அப்புறம் நீங்க வாங்கச் சொன்ன அந்தக் கொழுப்பெடுத்த பால். ஒரே ஒரு தடவைதான் வாங்கினேன். டீ தண்ணி மாதிரி இருந்துச்சு. அந்தப் பாட்டிலத்தான் ரெண்டு வருஷமா கழுவிக் கழுவி சாதாப் பால் ஊத்தி வைக்கிறேன்."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா" என்றாள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபத்திரண்டு வருட மனைவி தன்னை ஏமாற்றினாள் என்ற வலி அதில் இல்லை. அப்படி இருந்திருந்தால் ஒரு மரியாதை. போனையே வெறித்துப் பார்த்தார். எழுநூற்று முப்பது நாள். எல்லாம் பொய். கை கழுவாமலே உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போட்டார். கூடுதல் எண்ணெயில் தன் பங்கு, பாலில் உள்ள வித்தியாசம், நாளைக்கு நூற்றெழுபது கலோரி. இரண்டு வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தி நாலாயிரம். ஆப்பின் கணக்குப்படி பார்த்தால் பதினாறு கிலோ கூடியிருக்க வேண்டும். அவர் இப்போது தொண்ணூறு கிலோவாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பதினாறு கிலோ எங்க?" என்று மனைவியைக் கேட்டார், அவள்தான் எடுத்து எங்கேயோ வைத்துவிட்டது போல.

"என்னைக் கேட்டா? உங்க உடம்பு."

"சும்மா விளையாடாத. அவ்வளவு உள்ள போயிருக்கு. எடை ஏறல. எங்க போச்சு?"

ஒரு எந்திரத்துக்குள் போனது ஒன்று எங்கேயாவது இருந்தாக வேண்டும் என்பது மெக்கானிக் புத்தி. இரண்டு நாள் அந்தப் பதினாறு கிலோவைத் தேடினார். கடைசியில் பெருமையெல்லாம் விட்டுவிட்டு டயட்டீஷியனுக்கே போன் போட்டார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"தினம் காலையில எடை பாப்பீங்களா சார்?"

"தினம் பாப்பேன். எழுபத்தி நாலேகால்னு காட்டினா அன்னிக்கு ஒரு ரொட்டிய விட்டுடுவேன்."

"அதுதான் சார் உங்களைக் காப்பாத்தியிருக்கு. கூடினா குறைச்சீங்க. ரெண்டாந்தடவை போட்டுக்கிற பழக்கம் போச்சு. தினம் படியேறறீங்க. எழுதினது எல்லாமே உத்தேசந்தான், எல்லாருக்குமே உத்தேசந்தான். பொட்டலத்துல போட்டிருக்கிற நம்பரும் அப்படித்தான்."

கடைசி வாக்கியம்தான் அவரை உடைத்தது. மனைவியின் துரோகத்தைக்கூடத் தாங்கிக்கொண்டார். பொட்டலமுமா?

அறிவு வந்து நிறுத்தியிருந்தால் சந்தோஷப்படலாம். அவர் முறுக்கிக்கொண்டு நிறுத்தினார். "இனிமே எழுதமாட்டேன். எடையும் பாக்கமாட்டேன். எப்படிப் போனாலும் எனக்கு என்ன?" என்று எடைமிஷினைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வாரம் ஒரு நாள் பாருங்கள் என்று அவள் சொன்னதை வசதியாக மறந்துவிட்டார்.

முதல் வாரம் பரிதாபம். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எவ்வளவு போட்டுக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று வருடமாகப் பசியை விசாரிக்கும் வேலையை ஆப்பிடம் விட்டிருந்தவர், திடீரென்று தன் வயிற்றிடமே கேட்க வேண்டியிருந்ததும் திணறினார். "எனக்கு இன்னும் பசிக்குதுன்னு நினைக்கிறியா?" என்று மனைவியைக் கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைத்தாள்.

இரண்டாம் வாரம் சுகமாக இருந்தது. பருப்பு ருசித்தது. மகள் பேசும்போது கையைத் தூக்கி நிறுத்தாமல் கேட்டார். அவள் சொன்ன கல்லூரிக் கதைக்குச் சிரிக்கக்கூடச் செய்தார். மனைவிக்கு உள்ளுக்குள் வெற்றி. தம்பிக்குப் போன் பண்ணி, "மாமா திருந்திட்டாருடா" என்றாள்.

மாமா அதோடு நிற்கவில்லை. ஒல்லியோடு டீக்கடையில் ஒரு பன் எடுத்தார். ஒன்றில் என்ன இருக்கிறது என்று இரண்டு எடுத்தார். ஒல்லி நாலு தின்றாலும் ஈர்க்குச்சியாகவே இருந்தான். இவருக்கு அந்த வரம் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நின்றபடியே பிஸ்கட் டப்பாவில் கைபோடுவார். நின்றுகொண்டு தின்றால் கணக்கில்லை என்று எந்த ஆப்பும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தானாகவே கண்டுபிடித்தார். 'பொய்க் கணக்கு எழுதியே பதினாறு கிலோ ஏறவில்லை, எழுதாவிட்டால் மட்டும் ஏறிவிடுமா' என்று மனதுக்குள் ஒரு சித்தாந்தம் வேறு ஓடியது. அந்தப் பதினாறு கிலோவைத் தினமும் காலையில் தடுத்து நிறுத்தியது எடைமிஷின். அது கட்டிலுக்கு அடியில் தூசி சேர்த்துக்கொண்டிருந்தது.

ஐந்து மாதம் ஆனது. ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது பேன்ட்டின் பட்டன் தெறித்து அலமாரிக் கண்ணாடியில் போய் டக்கென்று மோதியது. மனைவி ஊசி நூல் எடுத்து வந்தாள். தைத்து முடித்துவிட்டுக் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து எடைமிஷினை இழுத்து, தூசி தட்டி அவர் முன்னால் வைத்தாள்.

எண்பத்தி ஒண்ணு.

அவள் ஜெயித்திருந்தாள், ஜெயித்தது பிடிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது பழைய மனிதர். பழைய முட்டிவலி அல்ல. கட்டில் விளிம்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறுபடி எழுதுங்க."

"எதை எழுதறது? நீ ஊத்தறது யாருக்குத் தெரியும்?"

"உள்ளதைச் சொல்றேன்."

"அப்படித்தான் போன தடவையும் நினைச்சேன்."

"போன தடவை நீங்க என்னைக் கேட்டீங்களா? வாசல்ல நின்னு விசாரணை பண்ணினீங்க. திருடனைப் பிடிக்க வந்த மாதிரி நின்னா, திருடத்தான் தோணும்."

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மூன்று வருடத்தில் அவர் பேச வந்ததை விழுங்கியது அதுதான் முதல் தடவை, அதை எந்த ஆப்பிலும் எழுதவில்லை.

இரண்டு நாடுகள் எல்லைக்கோடு போடுவது போல அன்று சாயங்காலம் ஒப்பந்தம் நடந்தது. மகள் நடுவர். எண்ணெய் இரண்டு கரண்டி; அவள் கேட்ட மூன்றும் இல்லை, அவர் கேட்ட ஒன்றும் இல்லை. பால் சாதாப் பால்தான், ஆனால் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும். சனிக்கிழமை காலை மட்டும் எடை. எழுபத்தி ஆறைத் தாண்டினால் தாண்டிய வாரம் எழுத வேண்டும். இறங்கியதும் நிறுத்த வேண்டும். எழுதும் வாரத்திலும் சாப்பாட்டு மேஜையில் போன் கூடாது, எழுந்த பிறகுதான். வாழைப்பழத் தோலை எடை போடுவது எந்தக் காலத்திலும் கூடாது. கடைசி ஷரத்துக்கு அவர் வெகுநேரம் போராடித் தோற்றார்.

எண்பத்தி ஒன்று எழுபத்தி ஆறாக நாலு மாதம் பிடித்தது. எழுபத்தி நாலுக்குத் திரும்பவே இல்லை. ஒரு சனிக்கிழமை எழுபத்தைந்தரை, ஒரு சனிக்கிழமை எழுபத்தி ஆறேகால். மேலே போனால் ஒரு வாரம் எழுதுகிறார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. கீழே வந்தால் விட்டுவிடுகிறார். அந்த இரண்டு கிலோ போகட்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். அவர் மட்டும் குளித்துவிட்டு வரும்போது கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று அந்த இரண்டு கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவார்.

இதோடு மனிதர் அடங்கிவிட்டார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். அடுத்த வருட முகாமில், எடை குறைத்தவர்களில் ஒருவர் ஐந்து நிமிடம் தன் அனுபவத்தைப் பேச வேண்டும் என்று மேலாளர் ஏற்பாடு செய்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம். மேலாளருக்குத் தெரிந்து கம்பெனியில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார்.

கிராம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து மைக்கைப் பிடித்தார். முதல் பத்து நிமிடம், எழுதாதவன் உருப்பட மாட்டான் என்று நிரூபித்தார். தராசைப் பற்றிப் பேசியபோது அவர் குரலே தழுதழுத்தது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பத்து நிமிடம் எழுதுவது ஒரு வியாதி, அது குடும்பத்தைக் கெடுக்கும், பொட்டலத்தை நம்பாதீர்கள் என்று கண்ணை உருட்டிக் கர்ஜித்தார். எண்ணெய் விவகாரம் வந்தது, பதினாறு கிலோ வந்தது, பட்டன் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டயட்டீஷியன் பெண் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் சரக்கு அறையில் வேலை பார்க்கிற ஒருத்தி கையைத் தூக்கினாள். அவளும் ஒன்பது கிலோ குறைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உண்மையாகவே பதில் வேண்டித்தான் கேட்டாள்.

"சார், அப்ப நான் தொடர்ந்து எழுதணுமா, வேண்டாமா?"

கிராம் யோசித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது ஆளைப் பொறுத்ததும்மா" என்றார்.

"இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒல்லி கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

டயட்டீஷியன் எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் போனை வாங்கிப் பார்த்து, தணிந்த குரலில் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். மேடையில் கிராம் நன்றி சொன்னார். கைதட்டல் பலமாகவே இருந்தது. பக்கத்து அறையில் சாப்பாட்டுப் பாத்திரங்களின் மூடியைத் திறந்ததும் அதே நேரத்தில்தான் என்று ஒல்லி சத்தியம் செய்கிறான். கிராம் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.